அக்கா வெளியே போயிருக்காங்க

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படம், அதன் கீழே சமையல் வீடியோ, அதற்கும் கீழே அவள். கையில் கரண்டி, வாய்கொள்ளாச் சிரிப்பு, பக்கத்தில் ‘இப்போதே அழைக்கவும்’ என்ற பச்சைப் பொத்தான். அவள் இறந்து காரியமும் முடிந்திருந்தது. அந்த விளம்பரத்தைச் செய்தவளே நான்தான். ஆனாலும் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை வெளியே பார்த்தபடி வந்தேன்.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன அறையும் கம்ப்யூட்டரும் உண்டு. கடைகளுக்கு பிளக்ஸ் பேனர் வடிவமைப்பேன், போனில் ஓடும் விளம்பரமும் செய்து தருவேன். இந்தத் தொழிலுக்குப் பொறுமை வேண்டும். என்னிடம் அது கிடையாது. வருகிறவர்களுக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. குலசாமி, மாமனார், திறப்பு விழாவுக்கு வந்த தலைவர், வீட்டில் எத்தனை போன் உண்டோ அத்தனை நம்பர், எல்லாம் வேண்டும். ஒரு முகம், ஒரு பேச்சு, ஒரு நம்பர் போதும், பைக்கில் போகிறவன் இத்தனையையும் எப்போது படிப்பான் என்று நான் கத்துவேன். எழுந்து போனவர்களும் உண்டு.

தக்காளி விலை விழுந்து, பறித்ததை ரோட்டோரம் கொட்டிய ஒரு வருடம், தொக்கு போட்டு விற்கலாம் என்று அவளும் அவள் கணவரும் கிளம்பினார்கள். என்னிடம் வந்தார்கள். அவர் காலி இடத்துக்கு ஜென்ம விரோதி.

“மேடம், அந்த மூலை சும்மாதான கெடக்குது? ஒரு தக்காளிக் கூடையாச்சும் வைங்க.”

“வைக்க மாட்டேங்க.”

“அப்ப எங்க கொலசாமி?”

“சாமியக் கொண்டாந்து தொக்குல எறக்காதீங்க.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன எழுதலாம் என்று கேட்டதற்கு அவர் தரம், சுவை, பாரம்பரியம் என்று அடுக்கினார். ஊரே போடும் வார்த்தைகள். நான் அவள் பக்கம் திரும்பினேன். “வாங்கறவங்க உன் முன்னாடி நின்னா என்ன சொல்லுவ?”

அவள் யோசிக்கவே இல்லை. “புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துருங்க, நானே துன்னுக்கறேன்.”

அதை அப்படியே போட்டேன். ஓர் எழுத்தைத் திருத்தவில்லை. அடுப்படியில் கரண்டியோடு நின்றவளை நானே படம் எடுத்து, இடப்பக்கம் அவளையும் வலப்பக்கம் அவள் பேச்சையும் வைத்தேன். கடை பேனரும் அதேதான். ஓசூர், பெங்களூரு பக்கமிருந்தெல்லாம் போன் வந்தது. அவளுக்குப் பிறந்த வீட்டில் கன்னடம். கூப்பிட்டவர்களின் மொழியிலேயே கதை பேசுவாள். பாதிப் பேர் தொக்குக்குக் கூப்பிட்டார்கள், மீதிப் பேர் அந்தப் பேச்சுக்கு.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது உடம்புதான்.

எங்கள் பக்கம் பிணம் எடுப்பதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றாக வேண்டும். விடிந்ததும் அவர் கூப்பிட்டார். அழவில்லை. “நல்ல போட்டோ உங்ககிட்டதாங்க இருக்குது” என்றார். இருந்ததெல்லாம் அந்தச் சிரிப்புதான். கரண்டியை மட்டும் அழித்தேன். அழித்த பிறகும் கை எதையோ பிடித்தபடியே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் படத்தைத் தோளோடு வெட்டினேன். அன்று கடை வாசலில் ஒருத்தி, தெருமுனையில் ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே சிரிப்பாகச் சிரித்தார்கள். நடுவில் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பஸ்ஸில் அவளைப் பார்த்த அன்று இறங்கியதும் நேரே கடைக்குப் போனேன். விளம்பரத்தை நிறுத்திவிடலாமா என்றேன். “ஓடட்டுங்க” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண், “அந்த அக்கா இல்லீங்களா?” என்றாள்.

“வெளிய போயிருக்காங்க. வந்ததும் சொல்றேங்க.”

வைத்துவிட்டு பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்தார். கேட்கிற எல்லோருக்கும் இதேதான் பதில் என்று புரிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஏங்க இப்படிச் சொல்றீங்க? எத்தன நாளைக்கு?”

“அந்த வார்த்த வாயில வரமாட்டேங்குது மேடம்.”

நான் என் அறைக்குத் திரும்பினேன். ஆனால் அவருடைய பொய் என்னையும் பிடித்துக்கொண்டது. எங்கோ பஸ்ஸுக்காக நிற்கிறாள், வந்துவிடுவாள் என்று தோன்றும். போனில் அவள் முகம் வரும்போதெல்லாம் என் அறை வாசலைப் பார்த்தேன். பயமாகவும் இருந்தது, வந்தால் தேவலை என்றும் இருந்தது.

ஒரு மத்தியானம் அவர் கூப்பிட்டு, “கொஞ்சம் வர்றீங்களா” என்றார். கடையில் நடுவயது அம்மா ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பூப்பொட்டலம். ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், அவளோடு போனிலேயே பழகியவர். “வெளிய போயிருக்காங்கன்னாரு. வரட்டும், இருந்து பாத்துட்டே போறேன்” என்றார். நான் சொல்லட்டுமா என்று அவள் கணவரைக் கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

வாசலில் தக்காளிப் பெட்டிகள் மேல் ஒரு பிளக்ஸ் கிடந்தது, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய. எங்கள் ஊரில் பழைய பேனர் வீணாவதில்லை, மாட்டுக் கொட்டகைக்கும் வைக்கோலுக்கும் அதுதான் கூரை. தெருமுனையில் கட்டியிருந்ததை அவரே அவிழ்த்து வந்திருக்கிறார். எறிய மனம் வராமல் முகத்தை உள்பக்கமாகப் போட்டு மூடியிருக்கிறார். காற்று ஒரு தூக்குத் தூக்கியது. மூலை புரண்டு விழுந்தது. கண்ணீர் அஞ்சலி, அதன் கீழே அவள் சிரிப்பு.

அந்த அம்மா எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பிளக்ஸை மறுபடி இழுத்து மூடி, மூலையில் ஒரு கல்லை வைத்தார். பூப்பொட்டலத்தை அதன்மேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அவள் கணவர் பாட்டில்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை என் அறைக்கு வந்தார். “அவளப் படத்துலருந்து எடுத்துருங்க” என்றார். எடுத்தேன். இடப்பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. வலப்பக்கம் அவள் பேச்சு மட்டும் நின்றது. அதை எடுக்க அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வெள்ளையை என்னால் பார்க்க முடியவில்லை.

“இங்க ஒரு தக்காளிக் கூடை வைக்கட்டுங்களா?” என்று நானே கேட்டேன்.

“வேண்டாங்க. சும்மா கெடக்கட்டும்.”

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, பழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். வயதான ஒரு குரல், “அந்தப் பொண்ணு இல்லீங்களா?” என்றது. அவர் திரையிலிருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இல்லீங்க” என்றார். “அவ செத்துப் போயிட்டாளுங்க.”

அந்தப் பக்கம் விம்மும் சத்தம் கேட்டது. “அழுவாதீங்கம்மா” என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அவர் அழ ஆரம்பித்தார்.