பெருசு ஓடட்டும்

தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் டயப்பர் செய்கிறோம். குழந்தைகளுக்கு ஒரு லைன், வயதானவர்களுக்கு ஒரு லைன். அப்படியெல்லாம் நீட்டிச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. சிறுசு, பெருசு, அவ்வளவுதான். "பெருசு மக்கர் பண்ணுது" என்றால் மெஷினைத் திட்டுகிறார்கள் என்று அர்த்தம். கஷ்டம் எனக்குத்தான். அந்த லைனில் பேக்கிங் செய்கிற என்னையும் பெருசு என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதை நெருங்குகிறவள் அங்கே நான் ஒருத்திதான்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். சூப்பர்வைசர் தம்பியின் போன் ஸ்பீக்கரில் முதலாளி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பெருசு ஓடட்டும்பா. சிறுசை நிறுத்தி வை."

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். கிழவியை விரட்டிவிட்டுச் சின்னப் பெண்ணை வைத்துக்கொள்ளப் போகிறார்கள்! சின்னப் பெண் என்றால், சிறுசு லைனில் இருந்தவள். கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், புதிதாகக் கல்யாணமானவள். என் வீட்டிலோ புருஷன் படுத்த படுக்கை. மில்லில் ஓடியாடி வேலை பார்த்த மனுஷனுக்கு இப்போது நாங்கள் செய்கிற பெருசைத்தான் மாட்டிவிடுகிறேன். வேலை போனால் அதற்கு எங்கே போவேன்?

கோபம் தாங்காமல் நேரே போய்க் கேட்டுவிட்டேன். "ஏந்தம்பி, என்னை ஓடச் சொல்ல உங்க மொதலாளிக்கு எப்படி வாய் வந்துச்சு? எங்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

முழித்தான். அப்புறம் சிரித்தான். "ஐயோ அக்கா, அவரு மெஷின சொன்னாரு! பெருசுக்கு ஆர்டர் கொட்டுது. சிறுசுதான் போணியே ஆவல, அந்த லைன நிறுத்தறோம்."

அப்பாடா என்று அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பின்னால் அந்தப் பெண் நிற்பதைப் பார்த்தேன்.

"அப்ப நான் எங்கண்ணே போறது?"

"பெருசுல ஆள் ஃபுல்லா இருக்கும்மா. யாராவது நின்னா கூப்புடறேன்."

யாராவது என்றபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

போன வாரம் டிவியில் கோட்டு போட்ட ஒருவர், நாட்டில் வயதானவர்கள் பெருகினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று சொல்லி, என்னிடம் வீட்டிலிருந்தபடியே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். படுத்துக் கிடக்கிற என் புருஷனைப் போன்றவர்களால்தான் எங்கள் கம்பெனியே நிமிர்ந்து நிற்கிறது, இவருக்கு என்ன தெரியும்? இப்போது குழப்பமாக இருந்தது. ஆர்டர் ஏறுகிறது, வயசுப் பெண் வீட்டுக்குப் போகிறாள். இது வளர்ச்சியா, தேய்வா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். என் இடத்தை நீ எடுத்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. படுக்கையில் கிடக்கும் மனுஷன் கண்முன் வந்து நின்றார். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "கவலப்படாத. அதுக்குள்ள ஒரு புள்ளய பெத்துக்க, லைன தொறந்துடுவாங்க" என்றேன்.

"வேல இருந்தாதானக்கா பெத்துக்க முடியும்?" என்றாள். "நாங்க பெத்துக்கிட்டாதான அந்த லைனே ஓடும்?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பெருசு ஓட ஆரம்பித்தது. நானும்தான்.