மலர்ப்புஷ்பம்

போன வாரம் பட்டாபிராம் ஸ்டேஷனில் ஆட்டோ ஏறினேன். ஓட்டுநர், "லேக் ஏரிகிட்ட எறங்கிக்கிறியா சார், உள்ள ரோடு சரியில்ல" என்றார். லேக் என்றாலே ஏரிதானே என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அச்சகத்தில் பிழை திருத்தியே நரைத்தவன் நான். கேட் கதவு, நடு சென்டர் என்று காதில் விழுந்தால் ஒன்றை அடித்துவிடக் கை துறுதுறுக்கும். இதற்காகவே வீட்டில் யாரும் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

ஒரு பெயரில் மட்டும் கைவைக்கத் தோன்றியதே இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு மலர்ப்புஷ்பம். அவள் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தொழிற்சாலை. அவள் வீட்டார் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். எங்கள் இருவரையும் ஒரே நாளில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். பெயரைக் கேட்டதும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மலர்னாலும் புஷ்பம்னாலும் பூதானேம்மா. ஒண்ணு போதாதா?"

அவள் அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டும் இருக்கட்டும் டீச்சர்."

காரணம் பிறகு என் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பிறந்தது இரட்டைப் பெண்கள்; ஒருத்தி மலர், ஒருத்தி புஷ்பம். இரண்டு வயதில் புஷ்பம் காய்ச்சலில் போய்விட்டாள். இருந்தவளுக்கே அந்தப் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் எங்கள் வரிசையில் தாளிக்கிற வாசனை கிளம்பும். அவள் அம்மா வாசலில் நின்று கூப்பிடுவார்: "ஏட்டி மலரு, ஏட்டி புஷ்பம், உள்ள வாங்க." ஒருத்திதான் ஓடுவாள். நாங்கள் யாரும் அதைக் கேலி செய்ததில்லை. இருவரைக் கூப்பிட்டால் ஒருத்தி வருவது அந்த வயதில் எங்களுக்குச் சாதாரணமாகவே இருந்தது.

அவள் வங்கி வேலைக்குப் போனபோது பெயர் அட்டையில் 'மலர்' மட்டும் மிஞ்சியது. கட்டிக்கொண்டவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகினார். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையை இடித்தும் விட்டார்கள். அவள் அப்பா முன்பே போய்விட, அம்மா அவளோடு கள்ளிக்குப்பத்தில் இருந்தார். போன வருஷம் அம்மாவும் போனார்.

துக்கம் கேட்கப் போயிருந்தேன். கூட்டம் கலைந்தபின் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அவ முகமே ஞாபகமில்ல. புஷ்பம்னு கூப்பிட அம்மா ஒருத்திதான் இருந்தா."

"இனி நான் கூப்பிடறேன்" என்றேன்.

காபியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"வேணாம்டா. நீ கூப்பிட்டா என்னைத்தான் கூப்பிடுவ. அம்மா அவளைக் கூப்பிட்டா."