மொதல்ல எனக்குப் போடும்!

தோவாளைப் பக்கம் ஓர் ஊரில் காலரா. நான் தடுப்பூசிப் பெட்டியுடன் தெருவில் நுழைந்ததும் கதவுகளெல்லாம் சாத்திக்கொண்டன. அந்த ஊர் நாட்டு வைத்தியர் மட்டும் வேகமாக வந்தார். பெரிய மீசை, வாய் திறக்குமுன் அதை ஒருமுறை முறுக்கிக்கொள்வார். விரட்டத்தான் வருகிறார் என்று பயந்தேன். அவரோ கையை நீட்டினார்.

“மொதல்ல எனக்குப் போடும்!”

“வைத்தியரே, உமக்க மருந்துல உமக்கே நம்பிக்கை போச்சா?” ஒருவர் ஜன்னல் வழியே கத்தினார்.

“எனக்க மருந்து தீனம் வந்தவனுக்குலே! இது வராம இருக்கதுக்கு. வெளிய வா!”

ஊசி இறங்கியபோது கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒரு கதவு திறந்தது. பிறகு தெருவே திரண்டு வந்தது! சந்தோஷத்தோடு ஒவ்வொருவருக்காகப் போட ஆரம்பித்தேன்.

எல்லோருக்கும் போட்டுவிட்டு வைத்தியரைத் தேடினேன். நோய் கண்ட வீட்டுக்குக் கஷாயத்தோடு போய்விட்டாராம். ஊசியை உண்மையிலேயே நம்பினாரா, ஊருக்காகத் துணிந்தாரா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.