சாவு பார்த்த கேமரா

என் மஞ்சள் நீராட்டு விழா ஆல்பத்தை இன்றைக்குப் பிரித்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் சித்தி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி மோதிச் சித்தப்பா இறந்த பிறகு, திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டாள். ராயபுரத்தில் ஸ்டூடியோவை இழுத்து மூடிய ஒருவரிடம் பழைய கேமரா வாங்கி, பள்ளிக்கூட விழாக்களில் படமெடுத்துப் பிழைத்தாள். கேமராவின் ரப்பர் பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கும். புதுசு வாங்கச் சொல்லி நச்சரிப்பேன். "லென்ஸு சுத்தமா கீதுடி. வெளிய தேஞ்சா இன்னா?" என்பாள்.

நான் வயதுக்கு வந்ததும், படம் சித்திதான் எடுப்பாள் என்று தோழிகளிடமெல்லாம் சொல்லிவிட்டேன். தாய்மாமன் சீர் பற்றிப் பேச வந்த மாமா, காப்பியை உறிஞ்சிக்கொண்டே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அந்தக் கேமரா வோணாங்கா. அந்த ஸ்டூடியோக்காரன் ஒரு சாவு வூடு வுடமாட்டான். பொணத்த நாற்காலில குந்தவச்சி அதுலதான் புடிச்சான். சாவு பாத்தத நல்ல காரியத்துல நிறுத்துவியா?"

அம்மா மடித்த துண்டையே திரும்ப மடித்தாள். அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி அடுப்படியில்தான் நின்றிருந்தாள். மாமாவின் டம்ளரைத் தட்டிவிடலாமா என்று எனக்கு ஆத்திரம். அவர் ஓட்டும் ஆட்டோவே ரெண்டு கை மாறி வந்தது. அதில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லோரும் பிழைத்துத் திரும்பினார்களா என்ன?

மறுநாள் சித்தி காதுத் தோட்டை அடகு வைத்து, ரிச்சி தெருவில் புதுக் கேமரா வாங்கி வந்தாள். சாயங்காலம் மாமா வந்ததும் அவர் முன்னால் பெட்டியை வைத்தாள்.

"சீலு கூட ஒடைக்கலண்ணா. நீயே பிரி. இது இன்னும் ஒன்னியும் பாக்கல."

மாமா பெட்டியைத் தொடவில்லை. "அதுக்கில்ல பாப்பா..." என்று இழுத்தார். "மாதவரத்துல ஒரு பையன்கிட்ட சொல்லிட்டேன்."

விழாவன்று அந்தப் பையன் வந்தான். அவன் கேமராவின் மூலையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மணையில் உட்கார்ந்தபடியே, அது எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"செகண்ட்ஸ்தாம்மா. ராயபுரத்துல மூடிட்டாரே, அந்த ஸ்டூடியோல வாங்கினேன்" என்றான் பாவம்.

"மாமா! கேட்டியா? இதுவும் அங்க வாங்கினதுதான்!" என்று கத்தினேன். மாமா வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளி, "வாய மூடுடி" என்றாள்.

பட்டுப்புடவை தடுக்க மாடிக்கு ஓடினேன். சித்தி அறையிலேயே இருந்தாள். புதுக் கேமரா பெட்டி பிரிக்காமல் மடியில் கிடந்தது. "நாமதான் ஜெயிச்சோம் சித்தி! அவங்களுக்குப் பேச்சே வரல" என்றேன். சித்தி என் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துவிட்டு, "கீழ போ, தேடுவாங்க" என்றாள். அவள் கீழே வரவில்லை.

சாவு பார்த்தது என்று மாமா சொன்னது கேமராவை இல்லை. அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அடுப்படியில் நின்றபோதே சித்திக்குப் புரிந்திருந்தது. இனி சாக்குக்குக் கேமரா கிடையாது, சொல்வதை என் முகத்தைப் பார்த்துச் சொல் என்றுதான் அவள் தோட்டைக் கழற்றியிருக்கிறாள். கடைசிவரை மாமா சொல்லவேயில்லை.