ஒரே குவளைக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் சைக்கிள் மணிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். சவாரித் தலைவர் மாரிஸ் விசில் ஊதியதும் ஆட்கள் இரண்டு இரண்டு பேராகப் புறப்படுவார்கள். ஒரு வாரம் கிள்ளான், ஒரு வாரம் பத்துமலை, ஒரு வாரம் கெப்போங் வழியாக சுங்கை பூலோ. ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயில் யாருக்கு எப்போது சீட்டுக் கிழியுமோ என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் மனிதர்கள் சிரித்தார்கள். சைக்கிள் சங்கத்துக்குப் பெரிய பெயர் ஒன்று இருந்தது. ஊரோ அதை 'ஒரே குவளைக் கூட்டம்' என்றுதான் சொன்னது. பாதிப்பேர் பாராட்டிச் சொன்னார்கள், மீதிப்பேர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னார்கள்.

அந்தப் பெயருக்குக் காரணம் சபாபதி. கூட்ஸ் ஷெட்டில் சரக்குக் கணக்கர். தன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த 'பிள்ளை'யைத் தானே வெட்டி எறிந்தவர். "வாலை வெட்டிக்கிட்டா குரங்கு மனுசனாயிடுமா?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டபோது, "ஆரம்பிக்கவாச்சும் செய்யலாம்ல" என்றாராம். வாய்த்துடுக்கு அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

சங்கத்தின் முதல் கிள்ளான் சவாரியில் நடந்தது அது. சாலையோரத் தமிழர் கடை ஒன்றில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாசில் கோப்பி வந்தது. சின்னையாவுக்கு மட்டும் கொட்டாங்கச்சியில் வந்தது. சின்னையா லோரிப் பட்டறை மெக்கானிக். அவர் அப்பா நகரசபையில் கக்கூஸ் வாளி தூக்கியவர் என்பது கடைக்காரருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கடல் தாண்டி வந்தும் இந்தப் பீடையை மட்டும் நம் ஆட்கள் கப்பலில் பத்திரமாக ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். சபாபதி எழுந்தார். எதிரே இருந்த சீனர் கடைக்குப் போய் ஒரு பெரிய எனாமல் குவளையும் நிறையக் கோப்பியும் வாங்கிவந்து, சின்னையாவிடம் கொடுத்து முதலில் குடிக்கச் சொன்னார். அவர் வாய் வைத்த இடத்திலேயே தானும் வாய் வைத்துக் குடித்தார். பிறகு குவளை மாரிஸ் கைக்குப் போனது, அடுத்தவர் கைக்குப் போனது. அன்றிலிருந்து எங்கே சைக்கிளை நிறுத்தினாலும் ஒரே குவளைதான். அதை மறுத்தவன் கூட்டத்தையே மறுத்தவன் என்று ஆனது. அப்படிச் சொன்னவரும் சபாபதிதான்.

சின்னையா அவரை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்ததும் அன்றுதான். சபாபதியின் மனைவி தனலெட்சுமி வைக்கும் மீன் குழம்புக்குச் சின்னையா அடிமை. அவள் அவருக்குத் தன் வீட்டுத் தட்டில் சோறு போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள். "தண்ணி மிச்சம்" என்று விட்டுவிட்டாள் அவள்.

அப்புறம்தான் அந்த வீட்டில் இடி விழுந்தது. ஒரு நாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிய தனலெட்சுமியின் கை வெந்து தோல் உரிந்திருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. முழங்கைக்குக் கீழே வெளுத்திருந்த படையை அதுவரை தேமல் என்று நினைத்திருந்தார்கள். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். அந்த மாதமே சுங்கை பூலோவில் புதிதாகத் திறந்திருந்த குஷ்டரோகிகள் குடியிருப்புக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். சபாபதியையும் மகள் சந்திரகலாவையும் சோதித்து, ஒன்றுமில்லை என்றார்கள். தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தனலெட்சுமி இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டதாக சபாபதி ஊருக்குச் சொன்னார். சந்திரகலா கிள்ளானில் இருந்த அத்தை இராஜம்மா வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, வெளிய தெரிஞ்சா இவள ஒருத்தனும் கட்ட மாட்டான். செத்தாலும் வாயத் திறக்காதீங்க" என்று இராஜம்மா அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். சத்தியம் வாங்காவிட்டாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார். அந்த வீட்டில் இனி காப்பாற்ற வேண்டியது அந்தப் பெண்ணின் வாழ்வு ஒன்றுதான் என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

அதற்குப் பிறகு சுங்கை பூலோ சவாரி என்றால் சபாபதி எல்லோருக்கும் முன்னால் நின்றார். கூட்டம் பாசார் பக்கத்துக் கோப்பிக் கடையில் இளைப்பாறும்போது, தோட்டத்தில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று சொல்லி நழுவுவார். "எந்தச் சொந்தம் சபா? புது வீடு ஏதும் பிடிச்சிட்டியா?" என்று மாரிஸ் கண்ணடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சபாபதியும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டே பெடலை மிதிப்பார்.

குடியிருப்பில் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கொட்டகை இருந்தது. இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, நடுவில் இடுப்புயரத் தடுப்புக் கட்டை. தொடக்கூடாது. ஒரு வருடம் தொடாமல்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் காது தடித்துக்கொண்டே வந்தது, புருவம் கொட்டியது. ஒரு நாள் அவள், "என்ன இனிமே பாக்க வராதீங்க, என் மூஞ்சி எனக்கே பிடிக்கல" என்று தேம்பியபோது, சபாபதி கட்டைக்கு மேலே குனிந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துவிட்டார். வேறென்ன செய்வார்? இருபது வருடம் கூடவே வாழ்ந்தவள்.

கோப்பிக் கடைக்குத் திரும்பிவந்தபோது குவளை சுற்றில் இருந்தது. சின்னையா ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினார். அவருக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுத் தூங்கவைத்த பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சபாபதி தன் கையைப் பார்த்தார். அது இன்னும் ஈரமாக இருந்தது போலிருந்தது.

"தாகமில்லப்பா" என்றார்.

அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வயிற்று வலி என்றார். அதற்கடுத்து விரதம் என்றார். டாக்டர் உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதெல்லாம் அவர் மண்டையில் ஏறவில்லை. தினமும் கண்ணாடி முன் நின்று முதுகையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை மாதம் இவர்களோடு குடித்துவிட்டோமே, யாருக்காவது வந்துவிட்டால் என்ற பயம் அவரை அரித்தது. சவாரியை அடியோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த மனிதர்களை விட்டால் அவருக்கு வேறு யார்? வெறும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ள அவரால் முடியாது.

இதற்கிடையில் இராஜம்மா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை கிள்ளானில் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பையன். அப்பா மட்டும் சாதி, குலம் என்று சாஸ்திரம் பார்க்கிறவர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சங்கதி பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தது. வாத்தியார் வீட்டுச் சம்பந்தத்தையும் குடிக்காத குவளையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களுக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. அதாவது, தப்பாகப் புரிந்துவிட்டது.

கிள்ளான் பக்கத்து மேரு ஊருக்குப் போன சவாரியில் அது வெடித்தது. ரப்பர் மர நிழலில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். குவளை சபாபதியிடம் வந்தது. அவர் வாயருகே கொண்டுபோகாமல் பக்கத்து ஆளுக்கு நகர்த்தப் பார்த்தார். சின்னையா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, வயித்து வலி, விரதம் எல்லாம் கேட்டாச்சு. இன்னிக்கு நெசத்தச் சொல்லுங்க. சம்பந்தக்காரங்களுக்குப் பயமா? இல்ல, எங்க எச்சி இப்பதான் உங்களுக்கு நாறுதா?"

"அப்படி இல்ல சின்னையா..."

"பின்ன எப்படி? சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் நம்புறேன்."

மாரிஸ் இடையில் புகுந்தார். "ஏன் சபா வீம்பு? ஒரே ஒரு வாய் குடிச்சிரு லா. வெவகாரம் முடிஞ்சது."

சபாபதி குவளையைத் தூக்கினார். உதட்டுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவருக்கு அடுத்து குவளை எதிரே நிற்கும் சின்னையாவின் கைக்குத்தான் போகும். சின்னையா வீட்டுக்குப் போனதும் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுப்பார்.  சபாபதி குவளையைத் தரையில் வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அன்று மாலையே அது கிள்ளானுக்குப் போய்விடும், சந்திரகலாவின் கல்யாணம் நின்றுவிடும். அது மட்டுமா, 'வீட்டில் குஷ்டத்தை வைத்துக்கொண்டா இத்தனை நாள் எங்களோடு குடித்தாய்' என்று இதே மனிதர்கள் கேட்பார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல அவர் விழித்தார். பிறகு நிமிர்ந்து, ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"ஆமா சின்னையா. சாதிதான். பொண்ணு கல்யாணம் முடியணும். இனிமே என்னால முடியாது."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சின்னையா தரையிலிருந்த குவளையை எடுத்துக்கொண்டு, "சரிங்க, பிள்ளை" என்றார். மாரிஸ் விசில் ஊதினார். கூட்டம் புறப்பட்டது. சபாபதி அவர்கள் கண்ணிலிருந்து மறையும் வரை மரத்தடியில் நின்று, பிறகு தனியாக மிதித்து வீடு வந்து சேர்ந்தார். அந்தப் பாதை அவ்வளவு நீளமானது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் வெற்றிலை பாக்கு மாற்ற மாப்பிள்ளை வீட்டார் இராஜம்மா வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். "ஒளிக்காமச் சொல்றேன் பிள்ளை. கண்டவனோட எச்சிக் குவளைல குடிக்கிறவர் வீட்ல எப்படிப் பொண்ணு எடுக்கிறதுன்னு நாங்க கைய விரிச்சிட்டோம். மேருல நீங்க அந்தப் பயலுக்குக் கொடுத்த பதில் காதுல விழுந்துச்சு பாருங்க, அப்பத்தான் மனசு ஆறுச்சு. ரத்தம் விட்டுக்கொடுக்குமா?"

தாம்பாளத்தை அவர் மூஞ்சியில் வீச வேண்டும் என்று சபாபதிக்குத் தோன்றியது. கதவுக்குப் பின்னால் சந்திரகலாவின் சேலைத் தலைப்பு தெரிந்தது. "சரிதாங்க" என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார். நண்பனைப் பலி கொடுத்து மகளைக் கரையேற்றியிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. இது அவர் கேட்ட வரமல்ல.

கிள்ளானில் கல்யாணம் நடந்தது. சங்கத்து ஆட்கள் யாரும் வரவில்லை. அவர் யாரையும் கூப்பிடவும் இல்லை.

கல்யாணம் முடிந்த வாரம் சபாபதி ஒற்றை ஆளாக சுங்கை பூலோவுக்குச் சைக்கிள் மிதித்தார். கொட்டகையில் தனலெட்சுமி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பொண்ணு என்ன கலர்ல சேலை கட்டுனா? அழுதாளா? மாப்பிள்ளை உயரமா? அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஓடியாடி வேலையெல்லாம் யாரு பாத்தா? சின்னையா தம்பிதானே?"

"ஆமா. அவன்தான் முன்னால நின்னான்."

"எனக்குத் தெரியும்." அவள் முகம் மலர்ந்தது. கட்டையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏங்க, பொண்ணத்தான் கட்டிக் கொடுத்தாச்சே. அவருகிட்ட மட்டும் சொல்லிருங்க. யாருகிட்டயும் பேசாம நீங்க எத்தன நாளு தனியா தூக்கிச் சுமப்பீங்க? அவரு நம்மள வெறுக்க மாட்டாரு. அடுத்த தடவ கையோட கூட்டிட்டு வாங்க."

"சரி" என்றார் சபாபதி.

திரும்பும்போது அவர் சின்னையாவின் பட்டறைக்குப் போகவில்லை. மகள் இனி வாழவேண்டியது அந்த வாத்தியார் வீட்டில். நேற்று கல்யாணம் நின்றுவிடும் என்று மூடிய வாயை, நாளைக்கு மகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்னும்போது எப்படித் திறப்பது? மாதம் ஒரு தடவை கொட்டகைக்குப் போனார். சின்னையாவுக்குப் பட்டறையில் வேலை ஜாஸ்தி என்றார், லோரியோடு ஈப்போ போயிருக்கிறான் என்றார், காய்ச்சல் என்றார்.

தனலெட்சுமி ஒவ்வொரு தடவையும் நம்பினாள். இருக்கிறதில் நல்ல சேலையை உடுத்தி, தடித்த காதை மறைக்க முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேருக்காகக் காத்திருந்தாள்.