முகர்ந்து பார்த்த சட்டைகள்

எங்கள் பிளாக்கின் முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கு இடது கால் பெருவிரல் கறுத்துப்போயிருந்தது. பீடிப் புகையால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது, இனியும் குடித்தால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. பயந்துபோய், சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலைகளில் நடந்த புகையிலை நிறுத்த ஆலோசனையில் சேர்ந்தார்.

அங்கே ஓய்வு பெற்ற சிலரைத் துணையாளர்களாக வைத்திருந்தார்கள். பீடி நினைப்பு வரும்போது பேச்சுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பொறியாளராக இருந்துவிட்டு, மகனின் குவார்ட்டர்ஸில் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த நான் அவருக்குத் துணையாளன் ஆனேன். ஆனதும் அந்த வேலையைக் கண்காணிப்பு என்று எடுத்துக்கொண்டேன். தேய்த்து வரும் சட்டைகளை வாங்கியவுடன் மூக்கருகே கொண்டுபோவேன். ஒருநாள் அவரே பார்த்துவிட்டார்.

"அது கஞ்சி வாசன சார். பீடிய உங்க சட்டைல மறைச்சா வெப்பேன்?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

ஆலோசகராக வந்த பெண்ணிடம் சிறிய கருவி ஒன்று இருந்தது. மூச்சை அடக்கி அதில் ஊதினால் உடம்பில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டும். புகைக்காதவருக்குப் பச்சை விளக்கு, புகைத்தவருக்குச் சிவப்பு. மற்றவர்களுக்குப் போகப்போகப் பச்சை வந்தது. வண்டியிலிருந்து நேராக வரும் இவருக்கு மட்டும் சிவப்பு மாறவில்லை.

"தொட்டுக்கூடப் பாக்கலீங்க," என்றார்.

"வீட்டுல வேற ஏதாவது புகை இருக்கா? விறகு அடுப்பு மாதிரி?" என்று ஆலோசகர் கேட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "கேஸ் அடுப்புதாம்மா. விசாரிச்சிட்டேன்."

பிறகு ஒரு வாரம் விடாத மழை. வண்டி போடவில்லை. அந்த ஞாயிறு பச்சை விளக்கு எரிந்தது. "பாத்துக்குங்க சார்," என்றார், பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. மழையில் பீடி வாங்கப் போக முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வெயில் வந்தது, சிவப்பும் வந்தது. எனக்குச் சந்தேகம் தீர்ந்துபோயிற்று.

துணி கொண்டுவந்த அவர் மனைவியிடம், "உன் வீட்டுக்காரர் ஒளிச்சுக் குடிக்கிறார்மா. மனுஷன் பொய் சொல்லலாம், கருவி சொல்லாது," என்றேன்.

மறுநாள் வண்டியருகே நாலு பேர் நிற்கும்போது அந்த அம்மா அவருடைய சட்டைப்பையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வெச்சிகினு குடிக்கிற? காலு போனா ஒன் பீடிக்கட்டு வந்து தேய்க்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு கூடத்துக்கு வரவில்லை. மாட்டிக்கொண்டதால் வரவில்லை என்று ஆலோசகரிடம் சொன்னேன்.

சில வாரம் கழித்து இருட்டுகிற நேரத்தில் துணி வாங்கப் போனேன். அவர் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கரியை விசிறிக்கொண்டிருந்தார். கங்குகளின்மேல் மெல்லிய நீலச் சுவாலை ஓடியது. கார்பன் மோனாக்சைடு எரிகிற நிறம் அது. புகைபோக்கியில் அந்த வாயுவை அளந்துதான் என் வேலைக்காலம் போனது. இங்கே அது அவர் மூக்குக்கு ஒரு சாண் கீழே, காலையிலிருந்து மாலைவரை. மழை வாரத்துப் பச்சை விளக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"தப்பு என்னோடதுப்பா. கரிப்புகையைத்தான் கருவி காட்டியிருக்கு. நீ குடிக்கலை."

அவர் வண்டிக்குப் பின்னால் குனிந்து, புகைந்துகொண்டிருந்த பீடியை எடுத்துக் காட்டினார்.

"இப்ப நெசமாவே குடிக்கிறேன் சார். வூட்ல சண்ட வந்த அன்னிக்கி ஆரம்பிச்சது. குடிக்காமயே திட்டு வாங்கிகினு இருக்கறதுக்கு, குடிச்சிட்டே வாங்கலாமுன்னு."

கெஞ்சிப் பார்த்தேன். ஆலோசகரிடம் உண்மையைச் சொல்லி அவரையும் வண்டிக்கு அழைத்துவந்தேன். இஸ்திரிக்காரர் மறுபடி கூடத்துக்கு வரவில்லை. கோடை முடிவதற்குள் பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே அடைப்பு இருந்தது, எப்படியும் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த 'லாம்' எனக்கு ஆறுதலாக இல்லை. அவர் விட்டிருந்தார், நான் திரும்பப் பிடிக்க வைத்தேன். ஆலோசகர் இப்போது வருகிறவர்களிடம் வீட்டைப் பற்றி மட்டுமல்ல, செய்கிற வேலையைப் பற்றியும் கேட்கிறார். பக்கத்தில் இருக்கும் துணையாளரைப் பதில் சொல்ல விடுவதில்லை.

இப்போது மனைவி தேய்க்கிறார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மடிக்கிறார்.

"பீடிய ஆஸ்பத்திரிலயே வுட்டுட்டேன் சார். நம்பறீங்களா?" என்று போன வாரம் கேட்டார்.

"நம்பறேன்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மடித்த சட்டைகளை நீட்டினார். வாங்கினேன். கை தானாக மூக்கருகே போய்விட்டது.

அவர் பார்த்தார். அடுத்த சட்டையை எடுத்து மடித்தார்.