காடியில ஒண்ணும் இல்லண்ணே

கியர்பாக்ஸ் பழுது பார்க்கிறவனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. கிளாங்கிலிருந்து காப்பார் போகும் சாலையோரம் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஊரெல்லாம் ஆட்டோ கியர் காடிகள் (காருக்கு இங்கே காடி என்றுதான் பேர்) வந்துவிட்ட பிறகும், பழைய ஸ்போர்ட்ஸ் காடி ஒன்றை வாங்கி, கையால் கியர் மாற்றித்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். உங்களுக்கும் அந்த அடம் இருந்தால் நீங்களும் நம்ம கட்சி. வாங்கின புதிதில் சொர்க்கமாக இருக்கும். கொஞ்ச நாளில் கியர் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடிக்கும். அப்புறம் இரண்டு மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கி, முகம் வாடி என்னிடம் வந்து நிற்பீர்கள். அப்படி வந்து நின்ற சிலரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

புதுக் கால்மிதி

தினேஷ் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் இஞ்சினியர். பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை வீடு. யாரிடமோ சிவப்பு நிற இரண்டு கதவு காடி ஒன்றை வாங்கியிருந்தார். ரிவர்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம். இரண்டு இடத்தில் காட்டினாராம். இரண்டு இடத்திலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும் என்று சொல்லிவிட்டார்களாம். காடியையே இழந்துவிட்ட மாதிரி பேசினார்.

இஞ்சினை நிறுத்திவிட்டு கியரை மாற்றிப் பார்த்தேன். எல்லாம் அழகாக விழுந்தது. ஓடவிட்டு மாற்றினால்தான் தகராறு. அப்படியென்றால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன். பழைய கால்மிதியை எடுக்காமலேயே அதன் மேல் புதிதாகத் தடிமனான ஒன்றைப் போட்டிருந்தார். பெடல் அடிவரைக்கும் போகாமல் அதில் முட்டி நின்றது. இரண்டையும் உருவி வெளியே போட்டேன். சத்தமும் கூடவே போய்விட்டது.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் மனுஷன் இன்னும் வாடிப்போனார். "அண்ணே, கியர்பாக்ஸ் போச்சுன்னு ஆபீஸ்ல சொல்லி அழாத குறையா லீவு வாங்கியிருக்கேன். நாளைக்குப் போய் கால்மிதின்னா சொல்றது?"

ஓய்வெடுத்த கை

செமினியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். காடி மூன்றாவது கியரில் நிற்காமல் தானாகவே நியூட்ரலுக்குத் தாவியது. இது கால்மிதியை உருவினால் போகிற வியாதி இல்லை. கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தபோது, கியரைத் தள்ளிக்கொடுக்கும் கவை ஒரு பக்கமாக நன்றாகத் தேய்ந்திருந்தது.

"ஓட்டுறப்ப கையை கியர் மேலேயே வச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் பெருமையாகவே, "ஆமா பாஸ், எப்பவும் ரெடியா இருக்கணும் லா. ஸ்போர்ட்ஸ் காடியாச்சே," என்றார். அந்தக் கையின் பாரம்தான் உள்ளே இருக்கிற கவையை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி நம்பிவிட்டார். சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் நான் சிரிக்கவில்லை.

"கல்யாணமான புதுசுல அந்தக் கை என் கையைப் பிடிச்சிருக்கும். அப்படியே விட்டிருந்தா கியர்பாக்ஸும் நல்லா இருந்திருக்கும், நானும் நல்லா இருந்திருப்பேன்."

சூடாக இருந்த போனட்

கவிதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே ஒரு மஞ்சள் நிறக் காடி மேல் ஆசை. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆனதும் அதே காடியைத் தேடிப் பிடித்துவிட்டாள். வாங்குவதற்கு முன்னால் பார்த்துச் சொல்லுங்கள் அங்கிள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் முதலில் போனட்டைத் தொட்டேன். சுட்டது. விற்கிறவர், "இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்," என்றார். இருக்கலாம். ஆனால் தேய்ந்துபோன கியர்பாக்ஸ் பல நேரம் சூடு ஏறிய பிறகு நல்ல பிள்ளையாகிவிடும். முதல் சோதனை ஓட்டத்தில் கியரெல்லாம் வெண்ணெய் மாதிரி விழ, கவிதா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான்தான் பாழாய்ப்போனவன், காடி ஆறட்டும் என்றேன். பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கொரு கிளாஸ் தே குடித்துக்கொண்டு, அவள் அந்தக் காடியில் எங்கெல்லாம் போகப்போகிறாள் என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய் ஆறிய காடியை எடுத்ததும் இரண்டாவது கியர் அலறியது. கியரை முட்டாமல் சேர்த்துவைக்கும் பித்தளை வளையம் தேய்ந்துவிட்டிருந்தது. "வேணாம்மா," என்றேன். அவள் கூரை மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் என்னோடு வந்துவிட்டாள்.

வேறு ஒருவர் அதை வாங்கி, வளையத்தை மாற்றி, பளபளவென்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவர் குடியிருப்பது கவிதாவின் அடுக்குமாடியிலேயே. போன மாதம் தன்னுடைய ஆட்டோ கியர் காடிக்கு எண்ணெய் மாற்ற வந்தபோதுதான் சொன்னாள். "நீங்க சொன்னது சரிதான் அங்கிள், உங்க மேல கோவமே இல்ல. ஆனா தினமும் காலையில அதைப் பாக்குறப்ப உங்க மூஞ்சிதான் ஞாபகம் வருது."

எனக்கு விழுகிறது, அவருக்கு விழவில்லை

சந்திரன் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மகள் கல்யாணத்தை முடித்த கையோடு, கூரை திறக்கும் பச்சை நிற இரண்டு சீட் காடி ஒன்றை வாங்கினார். மல்லிகா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரம் போய்வருவார். அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்கத்தோடு உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் காடியில் கியர் கடிக்கிறது என்று வந்தார். நான் ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. இருந்தாலும் எண்ணெய் மாற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்தார். கிளட்ச் குழாயில் காற்று இருக்குமோ என்று வெளியேற்றினேன். திரும்பி வந்தார். கியர் கம்பிக்குக் கீழே இருக்கிற ரப்பரை மாற்றினேன். அதற்கும் திரும்பி வந்தார். நான் ஓட்டினால் விழுகிற கியர் அவர் ஓட்டினால் அலறியது. "நீ சரியா பாக்கலியோ தம்பி," என்று அவர் சந்தேகப்பட ஆரம்பித்தார். இந்த மனுஷனுக்கு ஓட்டத் தெரியவில்லையோ என்று நானும் நினைக்க ஆரம்பித்தேன். கிரேனையே ஓட்டினவரைப் பற்றி அப்படி நினைத்தது எனக்கே அபத்தமாக இருந்தது.

கடைசியில், "அண்ணே, நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்," என்றேன். காப்பார் சாலையில் போனோம். நான் கியரைப் பார்க்கவில்லை, அவருடைய இடது காலைப் பார்த்தேன். கிளட்ச்சை மிதிக்கும் முன்னால் ஒவ்வொரு முறையும் கண்ணைக் கீழே இறக்கி, கால் எங்கே இருக்கிறது என்று தேடினார். மிதித்த பெடல் பாதியில் நின்றது. முழுசாக மிதித்துவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். "காடியில ஒண்ணும் இல்லண்ணே. சப்பாத்தைக் கொஞ்சம் கழட்டுங்க," என்றேன். முறைத்துக்கொண்டே ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு கூழாங்கல் உருண்டு விழுந்தது. காலுறையின் அடிப்பக்கம் நனைந்து கறுத்திருந்தது. வருஷக்கணக்காக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி அவருக்கு; பாதத்தில் உணர்ச்சியே மரத்துப்போயிருந்தது. அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது எப்பத் தம்பி உள்ள போச்சு?"

சத்தமில்லாத ரவுண்டு

உடனே கிளினிக் போகலாம் என்றேன். "நீ காடிக்கு டாக்டரா, காலுக்கு டாக்டரா?" என்று கோபப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கேமரன் மலைக்குப் போகணுமாம், அது முடிந்து பார்த்துக்கொள்வாராம். நான் மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன். அக்கா அவரை விடவில்லை, மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். பாதம் தப்பியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நானும் அவரும் எண்ணெய், ரப்பர் என்று அலைந்துகொண்டிருந்த அந்த வாரங்களிலெல்லாம் புண் உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

இனிமேல் கிளட்ச் மிதிக்க முடியாது என்று ஆகிவிட்டது. விற்றுக்கொடு என்று காடியை என் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். வாங்க வந்தவர் ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு, வேண்டாம் என்று நான் சொல்லியும், கைத்தடியோடு வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார். மல்லிகா அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சைக் காடி கூரையைத் திறந்துகொண்டு தெருவைச் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறியதை இஞ்சின் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அண்ணன் தலையைச் சாய்த்து, அது திரும்பி வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதாவது சத்தம் வந்துவிடாதா என்று எனக்கே ஆசையாக இருந்தது.

காடி வாசலில் வந்து நின்றதும் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா தம்பி, ஒரு சத்தமும் இல்ல. பாவம் லா, இத்தனை நாளா நான் அதைப் போட்டுத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

காடியில் கோளாறு இருந்தால் வாடிக்கையாளருக்கு வருத்தம், இல்லாவிட்டால் எனக்கு வருத்தம் என்பதுதான் இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் கண்ட ஆதாயம்.